மேஸ்திரியின் நாடித்துடிப்பு

— நெஞ்சுக்குள்ள மெஷினா? வேண்டவே வேண்டாம் டாக்டர். வெச்சுக்கிட்டா இனிமே வெல்டிங் மெஷின் பக்கமே போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— ஆமாம்மா. ஆனா உங்க நாடி முப்பத்தஞ்சுல நிக்குது. பேஸ்மேக்கர் வைக்குறதைத் தவிர வேற வழி தெரியல.

— மேஸ்திரி, கட்டின புருஷன் சொல்றேன், டாக்டர் சொல்றதைக் கேளு. பட்டறை போனா போவுது. நீ இருந்தா போதும்.

— பட்டறை போனப்புறம் நான் இருந்து என்னங்க பண்ண? உங்க அடுப்படியில வெங்காயம் உரிக்கவா?

— கொஞ்சம் இருங்க ரெண்டு பேரும். ரத்த ரிசல்ட் இப்பதான் வந்திருக்கு. பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறியிருக்கு. சார், வீட்டுல இவங்களுக்கு என்ன குடுக்குறீங்க?

— பிரஷருக்கு நீங்க எழுதின வெராபமில் மாத்திரை மட்டும்தான் டாக்டர். முழுங்குற வரைக்கும் எதிர்லயே நிப்பேன். சமையலும் என் கைதான். உப்பைக்கூடப் பாத்துப் பாத்து வாங்கினேன்...

— என்ன உப்பு?

— சோடியம் கம்மின்னு போட்டிருக்குமே, அது. பிரஷருக்கு நல்லதாச்சேன்னு தாராளமாவே...

— அய்யய்யோ! சோடியத்துக்குப் பதிலா அதுல இருக்குறது பொட்டாசியம் சார்! சிஸ்டர், கால்சியம் ஊசி, உடனே! இன்சுலினும் குளுக்கோஸும் ரெடி பண்ணுங்க!

— எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க டாக்டர். உள்ள என்ன நடக்குது?

— இந்த மாத்திரை, இதயத்துக்குள்ள கால்சியம் போற வாசலைப் பாதி சாத்தி வைக்கும்மா. அதனாலதான் துடிப்பு நிதானமாகும். பொட்டாசியம் எக்குத்தப்பா ஏறினா, அதுவும் இதயத்தைச் சுணங்க வைக்கும். ரெண்டும் கை கோத்துக்கிட்டா கிட்னிக்கு ரத்தம் பத்தாது. பொட்டாசியத்தை வெளிய தள்ளுறதே கிட்னிதான். அதுவும் படுத்துட்டா?

— இன்னும் ஏறும். இன்னும் சுணங்கும். நல்ல கூட்டாளிங்க!

— அதான். கால்சியம் இதயத்தைத் தாங்கிப் பிடிக்கும். இன்சுலின், ரத்தத்துல இருக்குற பொட்டாசியத்தை செல்லுக்குள்ள தள்ளும். மருந்து எல்லாம் உள்ள போயிடுச்சு. சார், அழாம அந்த மானிட்டரைப் பாருங்க.

— நாப்பத்தி ரெண்டு... டாக்டர், அம்பது! மேஸ்திரி, அறுபத்தி நாலு! அறுபத்தி நாலுடி!

— கத்தாதீங்க, எனக்கே கேக்குது, நெஞ்சுக்குள்ள! டாக்டர், அப்ப மெஷின்?

— தேவையே இல்ல. மாத்திரையை மாத்திடுறேன், அந்த உப்பைத் தூக்கிக் கடாசுங்க. ரத்தம் சரியாகட்டும், அப்புறம் தாராளமா வெல்டிங் பண்ணுங்க.

— கேட்டீங்களாங்க? பட்டறைக்குப் போன் போடுங்க. பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர் எடுத்த இரும்பு கேட்டை வேற எவனும் தொடக் கூடாது. அது நான் பத்த வைக்குறதுக்காகக் காத்திருக்கு!

— எல்லாம் சரி சார், அந்த உப்பு லேசா கசக்குமே. ஏன் அவ்வளவு அள்ளிப் போட்டீங்க?

— கல்யாணம் ஆனதுலேருந்து என் சமையலை இவ ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னதில்ல டாக்டர். உப்பு மாத்தின அன்னைக்குத்தான், "இன்னைக்கு சமையல் அருமை"ன்னா. அந்த ஆசையில நாளுக்கு நாள் கூட்டிக்கிட்டே போயிட்டேன்.

— வாயில வைக்க முடியலைங்க. எனக்காகக் கடை கடையா அலைஞ்சு அந்த உப்பை வாங்கிட்டு வந்து, என் மூஞ்சியையே பாத்துட்டு நின்னீங்களே... அதுக்காகச் சொன்ன பொய்யிங்க அது!