நாகலூர் வளைவில் ஒரு நிகழ்வு

காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

எங்கள் ஆராய்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடியோவை மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரே பார்த்து, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் மணியடிக்கும். இதற்குப் பல்கலைக்கழகத்தில் குத்துவிளக்கு ஏற்றினோம். எனக்கு இரண்டு சால்வை. நாகலூர் மலைச்சாலை வளைவுக்கு மேலே ஒரு பங்களாவைப் பிடித்து, ஜன்னலில் கேமராவை வைத்தோம்.

இடைஞ்சல் வெள்ளையம்மாள்தான். எஸ்டேட் கூலி. பழுதாகி நிற்கும் லாரிக்காரர்கள் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை அப்படியே விட்டுப் போவார்கள். வேலைக்குப் போகும்போது அவள் அதை ஓரமாகத் தள்ளுவாள். ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கும். ஒருத்தி குனிந்து நிமிர்வதெல்லாம் நிகழ்வா? இனிமேல் வேண்டாமென்றேன். படித்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

பிறகு லாரி எதுவும் பழுதாகவில்லை. மணியும் அடிக்கவில்லை. நேற்று டெல்லியிலிருந்து நிபுணர் குழு வந்தது. அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் என் துறையை இழுத்து மூடிவிடுவார்கள்.

ஆகவே கல்லை நானே வைத்தேன். சின்னக் கல் என்று சொல்ல மாட்டேன். என் மாணவன் மாதேஸ்வரனும் ஒரு கை பிடித்தான். ஒரு ஜீப் சடக்கென்று பிரேக் போட்டால் போதும் என்பது என் கணக்கு.

அதற்குள் பனி மூடிவிட்டது. மாதேஸ்வரன், "சார், எடுத்துடலாங்க. டிரைவருக்குக் கண்ணே தெரியாதுங்க" என்றான். பனியிலும் மணி அடித்தால் கட்டுரைக்குத் தனி மதிப்பு என்று விளக்கினேன். முனைவர் பட்டம் என் கையெழுத்தில் இருக்கிறது என்பதால் புரிந்துகொண்டான்.

அப்போது வெள்ளையம்மாள் வந்தாள். கல்லைப் பார்த்துக் குனிந்தவள், ஜன்னல் வெளிச்சத்தில் என்னைக் கண்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, நொம்பப் பெரிய கல்லுங்க. மஞ்சக்குட்டை ஜீப்பு வர்ற நேரமுங்க. எம்புள்ள ராசாத்தியும் அதுலதானுங்க வருது."

"இன்னைக்கு மட்டும் இருக்கட்டும்மா. ஜீப்பை முன்னாடியே நிறுத்த ஆள் போட்டிருக்கோம்."

போடவில்லை. போட்டிருந்தால் மணி அடித்திருக்காது.

"அப்பச் சரிங்க" என்று ஒதுங்கி நின்றாள்.

மணி சரியாக அடித்தது. குழுத் தலைவர் கைதட்டினார்; ஜன்னலுக்கு வந்து பள்ளத்தை எட்டிப் பார்க்கும்வரை தட்டிக்கொண்டுதான் இருந்தார். ராசாத்தியோடு சேர்த்து நான்கு பேர் என்கிறீர்கள். வருத்தம்தான்.

ஒரு திருத்தம். விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். யாரும் எதிர்பாராமல் நடப்பதுதான் விபத்து. நான் எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். வெற்றிகரமான பரிசோதனை என்று எழுதுங்கள்.