ஜூம் இல்லாத லென்ஸ்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், ஐம்பது எம்.எம். லென்ஸில் ஜூம் கிடையாது.

சிரிக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். சிரிக்கலாம். ஆனால் ரைட்டரை அந்த வரியை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஜூம் லென்ஸ் என்றால் நின்ற இடத்திலேயே நின்று வளையத்தைத் திருகினால் போதும், தூரத்து ஆள் கிட்டே வருவார். ஐம்பது எம்.எம். அப்படியல்ல. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நீங்கள் முன்னால் நடக்க வேண்டும். தலையிலிருந்து கால்வரை வேண்டுமென்றால் பின்னால் நடக்க வேண்டும்.

என் பெயர் சுயம்புலிங்கம். குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து கல்ஃபுக்குப் போன தலைகளில் பாதி என் ஸ்டூலில் உட்கார்ந்து, காது இரண்டும் தெரியும்படி படமெடுத்துக்கொண்டு போனவைதான். பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது நானும் மாறிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பும் எடுத்தேன். நடத்தியது, கடலோர ஒளிப்படக் கலை வளர்ச்சி மற்றும் பண்பாட்டு மன்றம். அந்தப் பெயரை இடையில் மூச்சு வாங்காமல் சொல்லத் தெரிந்தவர்கள் செயலாளர் கிருஷ்ணமணியும் நானும் மட்டுமே.

மன்றத்து ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சான் துபாயிலிருந்து கேமரா கொண்டுவருவான். இவர்கள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துவார்கள். குழம்பு சொட்டினால் இலையில் சொட்டாது, லென்ஸில்தான் சொட்டும். டயல் எப்போதும் அந்தப் பச்சைச் சதுரத்தில் நிற்கும். ஆட்டோ. எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும், நம் வேலை அமுக்குவதுதான். நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அப்பர்ச்சர் என்பது ஜன்னல், எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு வெளிச்சம். ஷட்டர் என்பது அந்த ஜன்னல் திறந்திருக்கும் நேரம். ஐ.எஸ்.ஓ.வைக் கண்டபடி ஏற்றினால் முகத்தில் ரவை தூவினதுபோலப் புள்ளி விழும். எல்லோரும் தலையாட்டுவார்கள். வடை வந்ததும் பச்சைக்குத் திரும்பிவிடுவார்கள்.

மன்றத் தலைவர் குமாரதாஸ். டைல்ஸ் கடை முதலாளி. விசிட்டிங் கார்டில் ‘ஒளி ஓவியர்’ என்று போட்டிருப்பார், அதன் கீழே பொடி எழுத்தில் சுவர், தரை, கழிவறை. லென்ஸில் தூசி விழுந்தால் நாக்கில் விரலைத் தொட்டுத் துடைப்பார். அந்த எச்சில் காய்ந்து கண்ணாடியில் மீன் செதில் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நானே எத்தனையோ தடவை துடைத்துக் கொடுத்திருக்கிறேன். துடைத்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது.

இனி லீமா. கடற்கரையிலிருந்து தலையில் அலுமினியச் சருவத்தில் மீன் சுமந்துவந்து எங்கள் தெருவில் விற்கிறவள். சுனாமியில் வீடு போயிற்று, மகள் பிரிஜாவும் போனாள். டிசம்பர் இருபத்தாறு வந்தால் எல்லோரையும் சேர்த்துப் புதைத்த இடத்தில் ஜெபம் நடக்கும். லீமா பூவோடு போய் உட்கார்ந்து அழுவாள். அழுகிற முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குமாரதாஸ் முட்டிபோட்டு உட்கார்ந்து, பட்டப்பகலில் ஃப்ளாஷ் போட்டு எடுத்தார். படத்துக்குப் பெயர் ‘கண்ணீர்க் கடல்’. அடிவானம் சரிந்து, குளச்சல் கடல் முழுதும் இடது பக்கமாக ஒழுகிப் போகிற மாதிரி இருந்தது. நடுவர்கள் அதையும் கலை என்றார்கள். அடுத்த வருட மன்றப் போட்டியில் முதல் பரிசு. மயிலாடியில் ஒரு ஆசாரி கல் நந்திக்குக் கண் திறக்கிற படத்தை நான் கொடுத்திருந்தேன், அது கழிவறைக்குப் போகிற வழியில் தொங்கியது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

புது வருடத்துக்கு அந்தப் படம் டைல்ஸ் கடைக் காலண்டரில் வந்தது. மேலே லீமாவின் அழுகை, கீழே பன்னிரண்டு மாதம், அதற்கும் கீழே ‘பாத்ரூம் டைல்ஸ் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்’. ஒரு காலண்டர் என் கடைக்கும் வந்தது. பிரித்துப் பார்த்தேன். வாயில் உப்புத்தண்ணீர் ஊறியது. வெளியே போய் ஓடையில் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோது முடிவு செய்திருந்தேன். கோபத்தில் அல்ல சார். கோபப்பட்டால் கை ஆடும், கை ஆடினால் படமும் ஆடும். அந்தப் பெண்ணுக்கு யாராவது ஒருவர் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. லீமாவுக்காகத்தான் செய்தேன்.

குமாரதாஸுக்குத் தனியாக வகுப்பு வைத்தேன்.

“ஜூமெல்லாம் கல்யாண வீட்டுக்காரனுக்கு, தலைவரே. நீங்க ஆர்ட்டிஸ்ட். ஐம்பது எம்.எம். வாங்குங்க.”

“அத முன்னமே செல்லப்பிடாதா ஓய்? இவ்வளவு நாளும் நான் கல்யாணக்காரனாட்டு திரிஞ்சேனே.”

அடுத்த வாரமே வாங்கிவிட்டார். பளபளவென்று வந்த லென்ஸில் முதல் வேலையாக எச்சில் வைத்தார்.

மற்ற மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வ்யூஃபைண்டரில் ஒரு கண்ணை வைக்கும்போது மற்றக் கண்ணைத் திறந்து வையுங்கள், சுற்றி நடப்பது தெரிய வேண்டும். குமாரதாஸிடம், இறுக மூடுங்கள், பெரிய ஆட்கள் மூடித்தான் எடுப்பார்கள் என்றேன். மற்றவர்களிடம், இடம் மாறும்போது கேமராவைக் கீழே இறக்கித் தரையைப் பார்த்துவிட்டு மாறுங்கள் என்பேன். அவரிடம், கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தால் அந்தத் தருணம் போய்விடும் என்றேன். ‘தருணம்’ என்ற சொல் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கடையில் டைல்ஸ் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு விதியை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுபோலவே சொல்லிக்கொடுத்தேன்: சூரியன் எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அது எந்தப் பாடத்திலும் முதல் பாடம். அதில் நான் கலப்படம் செய்யவில்லை.

சாயங்காலங்களில் குளச்சல் மணலில் பழகினோம். ஒற்றைக் கண்ணில் கேமராவை அமுக்கிக்கொண்டு பின்னால் பின்னால் நடப்பார். முதலில் இரண்டொரு தடவை பொத்தென்று விழுந்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் விடுவார்களா?

“ஏலே, டைல்ஸ் முதலாளி ரிவர்ஸ் கியரு போட்டு வாறாரு. வலைய மாத்துங்கலே.”

“ஹாரன் அடிச்சிட்டு வாரும் ஓய்!”

அவர் கண்ணை எடுக்கவில்லை. நல்ல மாணவர். கொஞ்ச நாளில் விழாமல், தடுமாறாமல், திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டார். எனக்கு வாய்த்த மாணவர்களிலேயே சொன்னதை அப்படியே செய்தவர் அவர்தான். ஆசிரியன் என்ற முறையில் அதைச் சொல்லியாக வேண்டும்.

போன நவம்பரில் ஒருநாள் அவரே வந்தார். முட்டத்தில் படம் எடுக்க வேண்டும், லீமா வருவாள், நீரும் வாரும் ஓய் என்றார். இடத்தைத் தேர்ந்தது அவர்தான், நானல்ல. மழை விட்டு வெளிச்சம் தெளிந்திருந்த சாயங்காலம். முட்டத்துப் பாறை உங்களுக்குத் தெரியும். மேலே லைட் ஹவுஸ், கீழே கடல். சாயங்காலம் சூரியன் கடல் பக்கம் இருக்கும். சூரியன் முதுகில் படும்படி நின்றால் கடலும் முதுகுப் பக்கம்தான்.

லீமா ஒரு பையிலிருந்து உடுப்பொன்றை எடுத்தாள். சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்குகிற சின்னப் பெண்கள் போடும் வெள்ளை உடுப்பு. மடிப்புக்கூடக் கலையவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடையில் ஒரு உடுப்பை வாங்கி, செத்த குழந்தையுடையது என்று காட்டிப் படமெடுக்கப் போகிறார். போன வருடம் அழுகை, இந்த வருடம் அழுகையோடு துணியும். வெள்ளைத் தெர்மோகோல் பலகையைப் பிடித்து, வெளிச்சத்தை அவள்மேல் திருப்பிவிட்டு நின்றேன்.

“உடுப்ப நெஞ்சோட சேத்துப் பிடி லீமா. வெயிலு கூசும், கண்ண மூடிக்க. நான் செல்லுத வர தொறக்காத.”

“செரி சாரே.”

குமாரதாஸ் கேமராவைக் கண்ணில் வைத்தார். மற்றக் கண்ணை இறுக மூடினார்.

“லைட் ஹவுசுக்க தலை வெட்டுது ஓய்.”

“பின்னால போங்க, தலைவரே.”

போனார்.

“இப்பமும் வெட்டுது.”

“இன்னும் கொஞ்சம்.”

“பொறத்தே எடம் கெடக்கா?”

“கெடக்கு,” என்றேன்.

அந்த ஒரு சொல்தான் சார். அதைத் தவிர அவர்மேல் நான் ஒரு விரல்கூட வைக்கவில்லை. என் இரண்டு கையிலும் தெர்மோகோல் இருந்தது.

அலை பெரிதாக அடித்துக்கொண்டிருந்ததால் சத்தம் எதுவும் கேட்கவில்லை. லீமா கண்ணை மூடியபடியே நின்றாள். அந்த நேரத்து வெளிச்சம் மஞ்சளாக, மெத்தென்று, அவள் முகத்திலும் அந்த வெள்ளைத் துணியிலும் ஒரே அளவாக விழுந்தது. அப்படி ஒரு வெளிச்சம் வருடத்தில் ஒருநாள்தான் வாய்க்கும். நான் பலகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எடுத்தாச்சா சாரே?” என்று கேட்டாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்களே வந்து பார்த்தீர்கள், நீங்களே விபத்து என்றீர்கள். போட்டோப் பைத்தியங்கள் காலடியைப் பார்ப்பதில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டீர்கள். நானும் வருத்தப்பட்டேன். இரங்கல் கூட்டத்தில் கிருஷ்ணமணி, கலையின் பலிபீடத்தில் தன்னையே படையலிட்ட தியாகி என்று பேசினார். கழுத்தில் கேமரா தொங்க எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அஞ்சலியின் நடுவில் இரண்டு பேர் அஞ்சலியைப் படமெடுத்தார்கள். குமாரதாஸ் நினைவுக் கோப்பை என்று வருடாவருடம் போட்டி நடத்தத் தீர்மானம் போட்டார்கள். அத்தனை காலம் என்னிடம் எச்சில் லென்ஸ் துடைக்கக் கொடுத்த மனிதர், ஒரே சாயங்காலத்தில் கோப்பையாகிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து லீமா ஸ்டுடியோவுக்கு வந்தாள். சருவத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பையோடு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, சாருக்க கேமரா கெடச்சுதா?”

“இல்ல. கடலோட போச்சு.”

“அப்பம் எனக்க பிரிஜாக்க படமும் போச்சா?”

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். வீட்டோடு எல்லாப் படமும் சுனாமியில் போய்விட்டன. மகளின் முகம் வரவர மறந்துபோகிறது என்று குமாரதாஸிடம் ஒருநாள் மீன் விற்கும்போது சொல்லியிருக்கிறாள். அவர் கன்னியர் மடம் மடமாக ஏறி இறங்கி, ஒரு சிஸ்டரிடமிருந்து புதுநன்மைக் குரூப் போட்டோ ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். பிரிஜா அதில் இரண்டாவது வரிசையில் நிற்கிறாளாம். லீமாவைத் தனியாக எடுத்து, பக்கத்தில் பிரிஜாவைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, தாயும் மகளும் ஒன்றாக நிற்கிற படமாகத் தருவதாக ஏற்பாடு. இது இங்கே எல்லா ஸ்டுடியோவிலும் நடக்கிற வேலைதான். செத்துப்போன அப்பாவைக் கல்யாணப் பெண் பக்கத்தில் நிறுத்தி நானே எத்தனையோ வீட்டுச் சுவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

“அப்போ அந்த உடுப்பு?”

“அவளச் சேக்கதுக்கு அளவு வேணும்னாரு சாரு, நான் தச்சது. அவ அன்னைக்கு இட்டது இப்பிடித்தான் இருக்கும். அளவு மறக்கல.”

“சிஸ்டர்கிட்ட இருந்த படம்?”

“ஒயரம் பாக்கணும்னு சாரு சட்டப் பையில வச்சிருந்தாரு.”

அவர் உடம்பை மேலே எடுத்தபோது பையில் நைந்த காகிதம் ஒன்று இருந்ததே, சார். ஏதோ டைல்ஸ் பில் என்று நீங்கள் சொன்னது ஞாபகமிருக்கும்.

காலண்டரைப் பற்றிக் கேட்டேன். “எனக்கிட்ட கேட்டுட்டுதான் போட்டாரு. பிள்ளைக்க குழிய நாலு வீட்டு ஆளுவ பாப்பினுமேன்னு நாந்தான் செரின்னேன்” என்றாள்.

“இந்தப் படத்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே லீமா.”

“நீங்க எங்கிட்ட மீனுக்க வெலையத் தவிர ஒண்ணும் கேட்டதில்லியே அண்ணே.”

பிறகு உடுப்பைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராத அழுகை. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. நான் மேசையிலிருந்து கேமராவை எடுத்தேன். அப்பர்ச்சரை நன்றாகத் திறந்தேன், ஐ.எஸ்.ஓ. நானூறு, ரவை விழாது. முகத்தை லேசாக ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினாள். உடுப்பைக் கொஞ்சம் மேலே தூக்கச் சொன்னேன். தூக்கினாள், சொன்னபடி செய்து அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஃப்ளாஷ் போடவில்லை. முகத்தருகே போய் முட்டிபோடவும் இல்லை. குமாரதாஸுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் சார், நான் மரியாதையாக எடுத்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதுல பிரிஜாவச் சேத்துத் தருவியளா அண்ணே?” என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். மீன் வாங்கினேன். அன்றைக்கு மட்டும் பேரம் பேசவில்லை.

இத்தனை மாதம் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் ஸ்டேஷன் ஏறி வந்தீர் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. லீமாவின் அந்தப் படத்தைக் குமாரதாஸ் நினைவுக் கோப்பைக்கு அனுப்பியிருந்தேன். முடிவை இன்று காலையில் ஒட்டினார்கள்.

மூன்றாம் பரிசுதான் கொடுத்திருக்கிறார்கள்.