ஆறிலிருந்து எட்டு வரை

— பச்சையாத்தான் எரியுதுப்பா. ரவுட்டர்ல நாலு விளக்கும் பச்சை. நேத்தும் பச்சையாத்தான் இருந்துச்சு. ஆனா ஆறு மணி ஆச்சு, நெட் போச்சு. எட்டு மணிக்குத் தானா உயிர் வந்துச்சு.

— இரு இரு, அவசரப்படாதே குட்டி. லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிடறவங்களுக்கும் அப்பா இதைத்தான் சொல்லுவேன். முதல்ல கரண்ட் வருதான்னு பாரு, அப்புறம் உத்தரவு வருதான்னு பாரு, மோட்டார் கடைசி. விளக்கு பச்சைன்னா கரண்ட் இருக்கு, லைனும் இருக்கு. உத்தரவுலதான் ஏதோ இடிக்குது.

— அப்பா, மணி அஞ்சு பத்து. அஞ்சே முக்காலுக்கு நான் நெட்ல வகுப்பு எடுக்கணும். சாயந்தர வகுப்பு ஆரம்பிச்சே ரெண்டு நாள்தான், ரெண்டு நாளும் கால் மணி நேரம் கணக்குச் சொல்லிக் குடுத்துட்டு அப்படியே காணாமப் போயிட்டேன். உறைஞ்சுபோன என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே பிள்ளைங்க உக்காந்திருந்தாங்களாம். இன்னைக்கும் போச்சுன்னா வேற டீச்சரைப் போட்டுடுவோம்னு டியூஷன் மேடம் சொல்லிட்டாங்க.

— பாப்பா, சாப்பிட்டியா?

— அம்மா, நீயும் இருக்கியா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?

— டூட்டி முடிஞ்சு இப்பத்தான் வந்து செருப்பைக் கழட்டினேன். அந்த வேலை போனா போகட்டும் விடு. உன் ரூம் அப்படியேதான் இருக்கு. இங்கேருந்து காலேஜுக்கு பஸ் இல்லையா என்ன?

— போக ரெண்டேகால் மணி நேரம், வர ரெண்டேகால். இந்த வேலையை வெச்சுத்தான்மா வீட்டு வாடகையே. வேலை போச்சுன்னா வீடு போச்சு. வீடு போச்சுன்னா...

— நம்ம வீட்டுக்கு வந்துடுவே. பத்தொம்பது வயசுல தனி வீடு என்னத்துக்குங்கறேன்.

— நீ கொஞ்சம் சும்மா இரேன். குட்டி, லைன்காரர் என்ன சொல்றார்?

— ரெண்டு தடவை வந்தார்ப்பா. ரெண்டு தடவையும் காலையில பதினொரு மணிக்கு. வயரை மாத்தினார். தன்னோட போன்ல வேகத்தை அளந்து காட்டினார். குதிரை மாதிரி ஓடுது, இன்னும் என்னம்மா வேணும்ங்கறார். ஆறு மணிக்கு வந்து பாருங்கன்னா, எனக்கு வேலை அஞ்சோட முடிஞ்சுதுங்கறார்.

— மாடி வீட்டுல எப்படி?

— அதே லைன்தான். ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் நெட்லயே சீரியல் ஓடுது. யார் யாரை அறைஞ்சாங்கன்னு எனக்கு இங்க வரைக்கும் கேக்குது.

— அப்ப லோடு இல்ல.

— அதான் கேக்கறேன். நம்ம வீட்டுலயும் இதே மாதிரிதானே நின்னுச்சு? லோடுன்னு நீங்கதானே சொன்னீங்க.

— அது வேற கதை. தெருவுக்கே ஒரு குழாய்னு வெச்சுக்கோ. ஆறு மணிக்கு எல்லாரும் வேலை விட்டு வந்து ஒரே நேரத்துல திறப்பாங்க. கடைசி வீடு நம்மளது. காத்துதான் வரும். காலண்டர் தாள் பின்னாடி படமே போட்டுக் காட்டினேனே.

— நாலு வருஷம் அந்தப் படத்தை நம்பினேன். ஆனா இது வேற ஊர், வேற கம்பெனி, வேற குழாய். அதே ஆறு, அதே எட்டு. ரெண்டு கம்பெனியும் பேசி வெச்சுக்கிட்டா செய்யுது?

— இரு இரு. அங்க இருக்கறதுல இங்கேருந்து போனது என்னென்ன?

— நான், துணிப் பெட்டி, தலகாணி. அப்புறம் இந்தப் பழைய ரவுட்டர். எங்களுக்குப் போன் போதும், நீ எடுத்துட்டுப் போன்னு நீங்கதான் கழட்டிக் குடுத்தீங்க.

— அப்ப கோளாறு ரவுட்டருக்குள்ளதான். சூடாகுதோ என்னவோ.

— சூடு கடிகாரம் பார்த்தாப்பா வரும்?

— ஏங்க, அவளைப் போட்டுக் குழப்பாதீங்க. உடம்பு சரியில்லன்னு மேடத்துக்கிட்ட சொல்லிடு பாப்பா.

— பொய் சொல்ல மாட்டேன்மா. அப்பா, பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை இருக்கே, ஊசி விட்டு அழுத்திடவா?

— தொட்டுடாதே. லைன்காரர் உள்ள போட்டு வெச்ச பேரு, எண்ணு எல்லாம் அழிஞ்சுடும். அவர் திரும்ப வர்ற வரைக்கும் நாள் பூரா நெட் இருக்காது. போன்ல இருக்கற நெட்டை வெச்சு ஓட்ட முடியாதா?

— ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா ஒரு கோடு வருது. அதுல பேசவே முடியாம இப்பவும் ரவுட்டர் நெட்லதான் பேசறேன், எங்கேருந்து படம் வரும்?

— சரி. எப்ப நிக்குதுன்னு கேட்டது போதும். எப்ப நிக்காம ஓடுது? அதைச் சொல்லு. பாதி லிஃப்டை நான் இந்த ஒரு கேள்வியிலதான் சரி பண்ணியிருக்கேன்.

— ஞாயித்துக்கிழமை.

— ஞாயித்துக்கிழமை நிக்கலையா?

— இங்க வந்து மூணு ஞாயிறு ஆச்சு. ஒரு தடவைகூட நிக்கல.

— பார்த்தியா, அன்னைக்கு யாருக்கும் ஆபீஸ் கிடையாது, எல்லாரும் ஒரே நேரத்துல குழாயைத் திறக்க மாட்டாங்க...

— அப்பா, குழாயை விடுங்க. நம்ம வீட்டுலயும் ஞாயித்துக்கிழமை நிக்காது. நீங்களும் நானும் காலை நீட்டிக்கிட்டு மேட்ச் பார்ப்போமே.

— ஆமாமா. உங்கம்மா இருக்க மாட்டா, சத்தமா வெச்சுப் பார்க்கலாம்.

— அம்மா இருக்க மாட்டாங்க.

— ஞாயித்துக்கிழமை சாயந்தரம்னா அவளுக்கு ஆஸ்பத்திரி கவுண்டர்ல டூட்டி. அதுக்கும் இதுக்கும் என்ன குட்டி சம்பந்தம்?

— அம்மா, லைன்ல இருக்கியா?

— இருக்கேன்.

— மணி அஞ்சு முப்பத்தொண்ணு.

— தெரியுது. எதிர்லதான் கடிகாரம் மாட்டியிருக்கு.

— என்ன பண்ணி வெச்சே நீ?

— நம்ம வீட்டுல முதல்ல லைன் போட வந்தாரே, அவர்கிட்ட கேட்டேங்க. இந்த ரவுட்டரை இத்தனை மணிக்கு நிறுத்தி வைக்க முடியுமான்னு. ரெண்டே நிமிஷம், சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டார்.

— நாலு வருஷம். கம்பெனிக்காரனோட நான் எத்தனை சண்டை போட்டேன். நீ பக்கத்துல உக்காந்து தலையாட்டிக்கிட்டு இருந்தே.

— நீங்கதான் படமெல்லாம் வரைஞ்சு அவ்வளவு அழகா சொன்னீங்க. ஏன் கலைக்கணும்னு விட்டுட்டேன்.

— நான் படிக்கணும்னாம்மா போட்டே?

— படிப்பாவது ஒண்ணாவது. நாள் பூரா ஊர்க்காரங்க பேரையும் வயசையும் கேட்டு எழுதிட்டு வீட்டுக்கு வருவேன். நீ ஒரு மூலையில போனு, உங்கப்பா ஒரு மூலையில போனு. நான் வந்ததுகூட ரெண்டு பேருக்கும் தெரியாது. நெட் நின்ன அன்னைக்குத்தான் அடுப்படிக்கு வந்து, இன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன ஆச்சும்மான்னு கேட்டே. மறுநாளும் கேட்டே. அப்புறம் அதை எடுக்க எப்படி மனசு வரும்?

— நான் ரவுட்டரை எடுத்துட்டுக் கிளம்பும்போதாவது சொல்லியிருக்கலாமே.

— சத்தியமா மறந்துபோச்சு. முந்தாநாள் நீ ஆறு மணின்னு சொன்னப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

— முந்தாநாளா? தெரிஞ்சுமா நேத்து என் வகுப்பு போகட்டும்னு விட்டே?

— விட்டேன். இன்னைக்கும் வாயைத் திறக்காம இருந்தா, இந்த வாரத்துக்குள்ள நீ இங்க வந்துடுவேன்னு நினைச்சேன்.

— இப்ப என்னம்மா நினைக்கறே?

— ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கற சீட்டுல ஒரு எண்ணும் பாஸ்வேர்டும் இருக்கும், அதைப் போட்டு உள்ள போ பாப்பா. நேரக் கட்டுப்பாடுன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல திங்கள்லேர்ந்து சனி, ஆறுலேர்ந்து எட்டுன்னு ஒரே ஒரு வரிதான், அதை அழிச்சுட்டு சேமிச்சுடு, இனிமே நிக்காது.