மாமரம் எடுத்த கோல்

யாழ்ப்பாணத்திலிருந்து கோப்பாய் போகும் பஸ். எனக்கு முன் சீற்றில் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் இருவர். ஒருத்தி கண்ணாடி போட்டவள். மற்றவள் மூத்தவள்; மடியில் மரக்கறிப் பை.

“எங்கடை கறுத்தக்கொழும்பான் நேற்று எனக்குப் போனிலை கோல் எடுத்தது, அக்கா,” என்றாள் கண்ணாடிக்காரி.

“மாமரமோ?”

“ஓம். மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட் ஒண்டுக்கு சிம் போட்டு, உங்கடை வேலிப்பக்கக் கொப்பிலை கட்டியிருக்கிறன். கொப்பு ஆடினால் எனக்குக் கோல் வரும்.”

“காத்துக்கும் ஆடுமெல்லே, பிள்ளை?”

“காத்துக்கு அடிக்காது. மூண்டு நாளா புரோகிராமை மாத்தி மாத்திப் பாத்தனான். ஆள் ஏறினால்தான் அடிக்கும்.”

“நல்ல வேலை. மாங்காய் களவெடுக்கிறவை பிடிபடத்தான் வேணும்.”

நான் இறங்க வேண்டிய தரிப்பு வந்தது. இறங்கவில்லை.

கண்ணாடிக்காரியின் போன் அடித்தது. திரையில் ‘மாமரம்’ என்று விழுந்தது.

“அக்கா, இப்ப ஆரோ ஏறீட்டினம்!”

அக்கா பைக்குள்ளிருந்து தன் போனை எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கதைத்தாள்.

“இஞ்சேருங்கோ, கெதியா இறங்குங்கோ.”

கண்ணாடிக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அண்ணையை ஆறுதலா பாத்து இறங்கச் சொல்லுங்கோ, அக்கா. கொப்பு முறிஞ்சால் என்ரை போர்டும் உடைஞ்சுபோகும்.”