கயலின் காதுகுத்துப் பத்திரிகை

பூண்டுத் தோலை ஊதித் தள்ளுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது ஐயா. எங்கள் வடுகபட்டியில் அது மூட்டை மூட்டையாகக் காற்றில் பறக்கிறது. துணிக் கூழில் ஒரு கைப்பிடி தூவினால் தாளுக்கு வருகிற மினுமினுப்பு எந்த மிஷினிலும் வராது. விஷயத்துக்கு வா என்கிறீர்கள். அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன்.

என் பெயர் சுந்தரலிங்கம். கையால் தாள் செய்து, அதில் விசேஷப் பத்திரிகை எழுதுவதும், பந்தலில் தொங்கவிடத் தோரணம் செய்வதும் என் தொழில். தொழில் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் உலை கொதிப்பது என் மனைவி நாகஜோதி தைக்கிற ஜாக்கெட்டுகளால். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள். எனக்கு மீசை சரியாக வளரவில்லை, கூழோடு நின்றுவிட்டேன்.

எங்கள் மகள் கயலுக்குக் காது குத்த நாள் குறித்தோம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நாகஜோதிக்கு ஒரே தம்பி, அருண்பாண்டி. அவள் இடுப்பில் சுமந்து வளர்த்தவன். மயிலாடும்பாறையில் இருந்துகொண்டு சரக்கு வண்டி ஓட்டினான். கம்பம்மெட்டு ஏறிக் கேரளா போய்விட்டால் வாரக்கணக்கில் போனை எடுக்க மாட்டான். அவனுக்காக அவள் அல்லிநகரம் போய் மயில்கண் கரை வேட்டி எடுத்தாள். முனையில் மஞ்சள் தடவி, "இதக் கட்டிக்கிட்டுத்தான் எந்தம்பி பிள்ளைய மடியில வைக்கணும்" என்று கொடுத்தாள். நல்ல பருத்தி. நான் தொட்டுப் பார்த்தேன்.

அதைக் கட்டிக் காட்டத்தான் அவன் ஒரு மத்தியானம் பஸ் ஏறி வந்தான். நாகஜோதி தைத்த துணிகளைக் கொடுக்கப் பெரியகுளம் போயிருந்தாள். அவன் நேரே என் கொட்டகைக்கு வந்தான். பத்திரிகைக்கென்று செய்து சுவரில் காய்ந்திருந்த முதல் தாளை உரித்து அவன் கையில் கொடுத்தேன். அதுவரை நான் செய்ததில் அதுதான் சிறந்த தாள். அவன் அதை முகர்ந்து பார்த்தான்.

"என்ன மச்சான், ரசம் வாட அடிக்குது. பத்திரிகைய நான் போன்லயே எல்லாருக்கும் அனுப்பிர்றேன். இது பிள்ளைக்குக் கால் கழுவித் துடைக்கத்தான் ஆகும்."

"அத அங்கன வச்சுரு மாப்ள," என்றேன்.

அவன் வைக்கவில்லை. அதில் கையைத் துடைத்துக் கசக்கிக் கூழ்த் தொட்டிக்குள் போட்டுவிட்டுச் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. நல்ல பையன், எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சிரிப்பான்.

கூழ் இடிக்கிற உலக்கை என் கையில் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபக்காரன் திரும்பத் திரும்ப அடிப்பான். நான் ஒரே தடவைதான்.

கொட்டகைக்குப் பின்னால் கழிவுக் கூழ் கொட்டுகிற குழி இருக்கிறது. அங்கே தோண்டிப் பாருங்கள், இருக்கிறான். அன்றைக்குத் தெருவில் ஒரு ஆளும் இல்லை. அதிர்ஷ்டம் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை, எனக்கு அடையாளமே தெரியவில்லை.

வேட்டியை மட்டும் மண்ணில் போட மனசு வரவில்லை. அலசி, கிழித்து, வேகவைத்து இடித்தேன். நாகஜோதியின் வெட்டுத் துணியும் கொஞ்சம் சேர்த்தேன். அந்த மாதிரித் தாள் எனக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை. ஒவ்வொரு பத்திரிகையிலும் 'தாய்மாமன் அருண்பாண்டி' என்று என் கையால் எழுதி நாலு முனையிலும் மஞ்சள் தடவினேன். முறை தவறக் கூடாது அல்லவா. உங்களுக்கும் ஸ்டேஷன் தேடி வந்து வைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அருமை என்றீர்கள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்ற உணர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள், சந்தோஷம்.

விசேஷத்தன்று காது குத்துகிற ஆசாரி வந்துவிட்டார். தம்பி வரவில்லை. நாகஜோதியின் சித்தப்பா ராக்கப்பன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆத்தா, நல்ல நேரம் முடியப் போகுது. எம்மகனும் உனக்குத் தம்பி முறதான, அவன் மடியில வச்சுக் குத்திருவோம்" என்றார்.

"ஊரே வந்துட்டாக, எந்தம்பி வராம இருப்பானா? எம்புட்டுத் தூரத்துல இருந்தாலும் வந்துருவான்."

சொல்லிவிட்டு, தாய்மாமன் உட்கார வேண்டிய பலகையில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவளே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பலகைக்கு நேர் மேலேதான் என் பெரிய தாள் தாமரை தொங்கியது. அதன் வால் மட்டும் தாள் இல்லை, வேட்டியின் கரை. மயில்கண் அவ்வளவு அழகு, இடித்துக் கூழாக்க உலக்கை எழவில்லை. மாப்பிள்ளை தலைக்கு எழுந்த உலக்கை கரைக்கு எழவில்லை, பாருங்கள்.

ஃபேன் காற்றில் வால் ஆடியது. கயல் எட்டிப் பிடித்து இழுத்தாள். கரை நாகஜோதி கையில் வந்து விழுந்தது. முனையில் அவள் தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது. எல்லாத் தாளுக்கும் மஞ்சள் வைத்து வைத்து, அந்த ஒரு மஞ்சள் என் கண்ணில் தனியாகப் படவில்லை. அனுபவம் உள்ள ஆள் செய்கிற தப்புதான்.

"எந்தம்பி எங்கன?" என்றாள்.

"கேரளா போயிருப்பான்."

அவள் கரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் பந்தலைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். எழுந்து ஒவ்வொரு தோரணமாக அவிழ்த்தாள். ஒன்றுகூடக் கிழியவில்லை. வந்தவர்களிடம் முந்தானையை ஏந்திப் போய், "பத்திரிகையக் குடுத்துருங்க, இது எந்தம்பி" என்று கேட்டு வாங்கினாள். எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு அதே பலகையில் வந்து உட்கார்ந்தாள். உங்களுக்கு யார் போன் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் அவள் என் தாளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தது அதுதான் முதல் தடவை ஐயா.

நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். ஆனால் அவள் கைக்குப் போகாமல் மிச்சம் இருப்பது உங்கள் மேசையில் இருக்கிற அந்த ஒன்றுதான். டீ கிளாஸை அதன்மேல் வைக்காதீர்கள். கறை பட்டால் அந்தத் தாளில் போகாது.