ஒரு சொட்டும் கசியவில்லை

தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், பிள்ளை. டொக்டர் விடமாட்டார்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். முப்பத்தொரு வருடம் லண்டன் பஸ் கராஜில் ஃபிட்டராக இருந்தவன். ஆனாலும் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை வேண்டும் என்று நானே கேட்டேன். இந்தப் பொலிஸ் அதிகாரி எழுதப்போவதில் ஒரு சொல்லும் பிசகக்கூடாது.

மூன்று வருடத்துக்கு முன், திருவெம்பாவைக்குப் போன என் மனைவி வசந்தமலர், லண்டன் மிட்சம் பகுதியில் இருக்கும் எங்கள் கோயில் கார் பார்க்கில் பனியில் சறுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. கவுன்சில் பெரிய ரோட்டுக்குத்தான் பனி உருக உப்புப் போடும், கோயில் வளவுக்குள் வராது. பனி தள்ள ஒரு வண்டி செய்து தருகிறேன் என்று நான் கோயில் சபையில் சொன்னேன்.

கென்டில் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் பின்னால் முட்செடிக்குள் கிடந்தது அந்தச் சின்ன டிராக்டர். நாற்பது வயது. எயார் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருந்தது. இரண்டு வருடச் சனி ஞாயிறுகளை அதற்குக் கொடுத்தேன். "எனக்கு டிராக்டர் வேண்டாம். சனிக்கிழமையில வீட்டில இருந்தாப் போதும்," என்று வசந்தமலர் சொல்வாள். அவளுக்காகத்தானே செய்கிறேன் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

முன்னால் பனி தள்ளும் இரும்புத் தகடு. அதை ஏற்றி இறக்கும் எண்ணெய்ச் சிலிண்டரை மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன். மூன்றாம் தரம் தகட்டை உயர்த்தி ஒரு கிழமை அப்படியே விட்டுப் பார்த்தேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோசம் கலியாண நாளிலும் இருந்ததில்லை.

தகட்டை வாங்கித் தந்தவர் கோயில் தலைவர் கிருஷ்ணராசா. நல்ல மனுசன். அதையும் எழுதுங்கள். எங்கள் கோயிலில் குத்துவிளக்கிலிருந்து குப்பைவாளி வரை உபயகாரர் பெயர் இருக்கும். நான் பெயருக்கு ஆசைப்பட்டவன் அல்ல. வெள்ளோட்டத்துக்கு முதல்நாள் போய்ப் பார்த்தால், தகட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுதியிருந்தது: உபயம், கிருஷ்ணராசா குடும்பம், இணுவில்.

"சிறி அண்ணை, குறை நினையாதேங்கோ," என்றார். "உங்கட பேரையும் போடுவம். பின்னுக்கு, இழுவைக் கொழுக்கிக்குப் பக்கத்தில இடம் கிடக்கு."

"அதுக்கென்ன," என்றேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் சோறு இறங்கவில்லை.

உயர்த்திய தகட்டின் கீழ் யாரும் குனிவதானால் மரக்கட்டை முட்டுக் கொடுக்கவேண்டும். அது நான் வைத்த சட்டம். கட்டையை நானே அறுத்துச் சிவப்புப் பூசியிருந்தேன். அடுத்தநாள் காலை பூசைக்கு முன் அதை எடுத்து ஓரமாக வைத்தேன். படம் எடுக்கும்போது வடிவாக இராது என்றேன். எல்லோரும் சரி என்றார்கள்.

புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிப்போம். ஐயர் நாலு சில்லுக்கும் வைத்தார். தகட்டுக்கும் ஒன்று வைக்கவேண்டும், அதை உபயகாரர் கையால் வைப்பதுதான் முறை என்று சொன்னவன் நான். அப்படி ஒரு முறை இல்லை. கிருஷ்ணராசா வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலில் நின்று குனிந்தார். நான் டிராக்டரில் இருந்தேன்.

"நடுவில வைக்கவோ அண்ணை?"

"ஓம். இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு."

எஞ்சின் ஓடத் தேவையில்லை. லீவரை முன்னால் தள்ளினால் தகடு தன் பாரத்திலேயே விழும்.

என்னைத்தான் முதலில் எல்லோரும் தாங்கிப் பிடித்தார்கள். பழைய டிராக்டர், சிலிண்டர் சீலில் எண்ணெய் கசிந்து தகடு விழுந்துவிட்டது, விபத்து என்று பேசிக்கொண்டார்கள். பொலிஸிலும் அப்படித்தான் எழுதினார்கள். அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை நன்றாகவே சாப்பிட்டேன், நன்றாகவே நித்திரை கொண்டேன்.

அந்தியேட்டி வீட்டில் அவருடைய மகள் சுவர்ணா என் கையைப் பிடித்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "மாமா, உங்களில பிழை இல்லை. பழசுதானே. எவ்வளவுதான் திருத்தினாலும் அப்பிடித்தான். உங்களுக்கும் வயசு போயிட்டுது," என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு நிமிடமும் நிம்மதியில்லை. ஆகவேதான் வந்தேன்.

சிலிண்டரை இப்போதும் கழற்றிப் பாருங்கள். ஒரு சொட்டும் கசிந்திராது. என் கைதான் லீவரைத் தள்ளியது. அவர் சாகவேண்டும் என்றே தள்ளினேன். எங்கே காட்டுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

அதற்கு முன் இந்த வாக்குமூலத்தில் ஒரு சின்னத் திருத்தம். இங்கே "பழைய டிராக்டர்" என்று மட்டும் இருக்கிறது. பக்கத்தில், "பழுதின்றித் திருத்தியவர் செல்லையா ஸ்ரீஸ்கந்தராஜா" என்று சேர்க்கச் சொல்லுங்கள். முதற்பக்கத்தில், பிள்ளை. பின்னுக்கு வேண்டாம்.