வியாழக்கிழமை ஊற்றிய பால்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இருக்கிறது, மேடம். வேலைக்குப் போகிற வீடுகளில் நான் எதுவும் குடிப்பதில்லை. பதினான்கு வருடப் பழக்கம் அது. ஏற்கெனவே ராப்பகலாக நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு என்னால் ஒரு டம்ளர்கூடக் கூடுதல் வேலை வரக்கூடாது. காவல் நிலையத்தில் அந்தச் சங்கடம் இல்லை.

இப்போது ஒரு மடக்கு விழுங்கினேன், பார்த்தீர்களா? அதற்குள் தொண்டையில் எத்தனை காரியம் நடந்துவிட்டது. மூச்சு ஒரு கணம் நின்றது. குரல்வளை மேலே ஏறியது. மூச்சுக்குழாயின் வாயை ஒரு சின்ன மூடி மூடிக்கொண்டது. டீ அதன் மேல் வழுக்கிப் பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குப் போனது. தப்பித்தவறி ஒரு சொட்டு வழி மாறினாலும் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். யாரும் நமக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் கடைசி நாட்களில் உடம்பு இதை மறக்கத் தொடங்கும். முதலில் மூடி தாமதமாகும். பிறகு இருமலும் வராது.

அதனால் ஒரு வீட்டுக்குள் போனதும் நான் முதலில் சொல்வது இதுதான்: மயக்கத்தில் இருப்பவருக்குக் கரண்டியால் எதையும் ஊற்றாதீர்கள். பஞ்சை நனைத்து, பிழிந்து, உதட்டில் ஒற்றுங்கள், போதும். செங்கோட்டையிலிருந்து சிவகிரி வரை எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறேன். சாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் எங்கள் அறக்கட்டளைக்கு டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் நர்ஸான நானும் என் ஸ்கூட்டரும் ஒரு மருந்துப் பையும்தான்.

வீட்டார் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்பார்கள்: எப்போது? பிள்ளைகள் மும்பையிலும் ஷார்ஜாவிலும் இருக்கிறார்கள். எப்போது வரச் சொல்ல வேண்டும்?

அதைச் சொல்ல அடையாளங்கள் உண்டு. பாதம் குளிர்ந்து, முழங்காலில் நீலக் கோடுகள் படரும். சிறுநீர் குறையும். மூச்சு வேகமாகிப் பிறகு நின்று, மறுபடி தொடங்கும். அந்த இடைவெளியை எண்ணிக்கொண்டே இருந்தால் போகிற நாள் கண்ணில் தெரியும். ஆனால் சில சமயம் கணக்குத் தப்பும். ஆறு வருடத்துக்கு முன் செங்கோட்டையில் முப்பிடாதியம்மாள் என்றொருவர். நான் சொன்னேன் என்று அவர் மகன் ஷார்ஜாவிலிருந்து வந்தார். அந்த அம்மா போகவில்லை. பதினோராம் நாள் மகன் லீவு முடிந்து கிளம்பினார். அவர் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிக்கொண்டிருந்தபோது அம்மா போய்விட்டார். இறங்கியதும் எனக்குத்தான் போன் செய்தார். திட்டவில்லை. "அண்ணாச்சி, ஒங்கள நம்பித்தான வந்தேன்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வார்த்தை என்னோடு தங்கிவிட்டது. நோய் தன் வேலையைச் சரியாகச் செய்தது. மகனும் செய்தார். பிசகியது நான் மட்டும்தான்.

எங்கள் பக்கம் உயிர் பிரியும் நேரத்தில் பால் ஊற்றுவார்கள். உங்கள் ஊரிலும் இருக்கும். சொந்தபந்தம் எல்லாரும் வரிசையாக வந்து, வாயில் ஒரு சொட்டு விட்டுவிட்டு நகர்வார்கள். வேண்டாம் என்றுதான் நான் சொல்லிவந்தேன். முப்பிடாதியம்மாளுக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்வதை நிறுத்தினேன். பிறகு நேரம் மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். எல்லாரும் வந்துவிட்டார்கள், இனி ஊற்றலாம், சொட்டு போதாது, ஒரு கரண்டி நிறைய ஊற்றுங்கள் என்பேன். தலைமாட்டில் இருக்கும் தலையணையை எடுத்துவிடுவேன். என் கையால் ஒரு துளியும் ஊற்றியதில்லை. ஊற்றியவர்கள் எல்லாரும் போகிறவர்மேல் பிரியம் வைத்தவர்கள்.

எத்தனை வீடு என்று கேட்டீர்கள். நாறும்பூநாதனோடு எட்டு.

அதற்குப் பிறகு நாள் தப்பவில்லை. எனக்குக் காலண்டர் அண்ணாச்சி என்று பேர் வந்தது. நான் தெருவில் போனால், "ஏலே, நம்ம வீட்டப் பாத்து நிக்காம போறாரான்னு பாரு" என்று கேலி பேசுவார்கள். நானும் சிரிப்பேன்.

நாறும்பூநாதன் பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடை வைத்திருந்தவர். எழுபத்து மூன்று வயது, கல்லீரலில் புற்றுநோய். மூன்று மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் பொன்செல்வி ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்ததை அவளைவிடச் சுத்தமாகச் செய்தவர் இல்லை. அவர் முதுகில் ஒரு புண்கூடக் கிடையாது. ஜூலையில் கால் குளிர்ந்தது. அடுத்த வியாழக்கிழமை என்றேன். மும்பையிலிருந்து மகன் முத்துக்குமாரசாமி குடும்பத்தோடு வந்தான். ஞாயிற்றுக்கிழமை திரும்ப டிக்கெட்.

புதன்கிழமை அவன் குடும்பம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனது. சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் குற்றாலத்தைப் பார்த்ததில்லை. பொன்செல்வியும் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அவரும் மட்டும். அவர் கண்ணைத் திறந்தார்.

"தக்காளி இன்னைக்கு என்ன வெலைக்குப் போச்சு?" என்றார்.

தெரியவில்லை என்றேன்.

"மழ நேரத்துல வெல ஏறும்லா" என்றார். பிறகு, "பசிக்கி" என்றார்.

உட்கார வைத்தேன். பொன்செல்வி காய்ச்சி வைத்திருந்த உப்பில்லாக் கஞ்சியைக் கொடுத்தேன். முழு டம்ளரையும் குடித்தார். ஒருமுறைகூட இருமவில்லை. குரல்வளை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகாக இருந்தது. பாதத்தைத் தொட்டேன், சூடு திரும்பியிருந்தது. இப்படிச் சிலருக்கு வரும். சிலருக்கு ஒரு நாளில் அடங்கும். இவருக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது பொன்செல்வி வந்தாள். அவர் மறுபடி கண்ணயர்ந்திருந்தார். காலி டம்ளரைப் பார்த்து, "அப்பா குடிச்சாவளா அண்ணாச்சி?" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. நான்தான் குடித்தேன் என்றேன்.

சாயங்காலம் அவள் அண்ணன் முத்துக்குமாரசாமி ஈரத்தலையோடு ஒரு பை ரம்புட்டான் வாங்கிவந்தான். "அப்பா கெடக்க கெடப்புல அருவியில குளிச்சிட்டு வாரிய. இதுல பழம் வேற" என்றாள் அவள். "நாங்க சும்மா உக்காந்திருந்தா மட்டும் எந்திச்சிருவாவளா, ஏட்டி?" என்றான் அவன். பிறகு என் பக்கம் திரும்பி, நாளைக்குத்தானே என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை அவருக்குத் தொண்டை நன்றாக வேலை செய்தது. அதுதான் இடைஞ்சல். வலிக்கும் தூக்கத்துக்குமான மருந்து என் பையில் எப்போதும் இருக்கும். டாக்டர் எழுதியதற்குமேல் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மூடியும் இருமலும் தூங்கிப்போயின. நான்கு மணிக்கு எல்லாரையும் கூப்பிட்டேன். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், கடைசியில் பொன்செல்வி. அவள் ஊற்றும்போது அவர் தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வந்தது. அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நன்றாகப் போகிறார், இன்னும் ஒரு கரண்டி ஊற்று என்றேன். ஊற்றினாள். என்னை அவள் முழுதாக நம்பியிருந்தாள்.

உடம்பை மறுநாள் எரித்துவிட்டார்கள். உங்களிடம் இருப்பது அந்த டம்ளர் மட்டும்தான். மூன்று மாதமாகத் தன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனுஷன், அன்றைக்கு மட்டும் நோயாளிக்குக் காய்ச்சிய உப்பில்லாக் கஞ்சியை ஏன் குடித்தான் என்று பத்து நாள் கழித்து அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கெட்டிக்காரி. அந்த வீட்டில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மறுத்திருந்தால் உங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்பவர்களுக்கு விளக்காமல் எனக்கு இருக்க வராது.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அவள் கேட்பது ஒன்றைத்தான் என்றீர்கள்: "எங்கப்பா நோயில போனாவளா, நான் ஊத்துன பால்ல போனாவளா?"

நோயால் இல்லை என்று சொல்லுங்கள். பால் அவள் ஊற்றியது. அவர் விழுங்க முடியாமல் செய்தது நான். கொன்றது நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் குடும்பம் கூடி நின்று வழியனுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன், வேறெதற்கும் இல்லை.

ஒரு விவரம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை என்று நான் ஆறு நாள் முன்பே சொல்லியிருந்தேன். நாள் தப்பவில்லை.